மூன்றாவது பள்ளம்

உப்பால் செய்த ஜன்னலை வைத்துக்கொண்டு திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சி செய்யப் புறப்பட்டவள் நான். என் புத்தி எவ்வளவு என்று அதிலேயே தெரிந்துவிடும். மழை பிடித்தால் சமையலறை உப்பு ஜாடியில் தண்ணீர் கசிந்து நிற்கிற ஊர் இது. இங்கே, தெளிந்த உப்புக்கட்டியைச் சின்னச் சின்னப் பலகையாக அறுத்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி விட்டு, அதில் திரவத்தை நிரப்பி, அதன் வழியே அகச்சிவப்புக் கதிரைச் செலுத்திப் பார்க்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரைச் சரியாக விடாது. உப்புதான் விடும். விரல் பட்டால் உப்பு மங்கும், மூச்சுக்காற்று பட்டால் மங்கும், வெளியே மழை பெய்தால் யாரும் எதுவும் செய்யாமலே மங்கும். வாராவாரம் அந்தப் பலகைகளை மெருகுப் பொடி போட்டுத் தேய்த்துத் தேய்த்தே என் பாதி ஆராய்ச்சி கழிந்தது.

எழுபதுகளின் நடுவில் நகரத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றில் வேதியியல் விரிவுரையாளராக இருந்தேன். வீடு கரமனை அக்கிரகாரத்தில். வகுப்பில் பாடம் நடத்துவது எனக்கு அலுத்துப்போயிருந்தது. வருஷா வருஷம் அதே உப்புகள், அதே நிறங்கள், பரிசோதனை முடிவு இன்னதென்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு கண்ணாடிக் குழாயைக் குலுக்கும் அதே பெண்கள். விடை தெரியாத கேள்வி ஒன்றையாவது பி.எஸ்.ஸி. படிக்கிற பெண்களின் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு வெறி வந்தது.

என் துறைத் தலைவிக்கு இது வேடிக்கையாக இருந்தது. “பி.எஸ்.ஸி. குட்டிகள் ரிசர்ச் செய்தால் பின்னே எம்.எஸ்.ஸி. குட்டிகள் எந்து செய்யும்?” என்று மலையாளம் கலந்து கேட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் எதையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார், சிரித்துவிட்டு மறந்துவிடுவார். அந்த மறதியைத்தான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

நான் எடுத்த விஷயம் இதுதான். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து புதிய பொருளாக மாறுவதை எல்லோரும் படிக்கிறார்கள். அப்படிச் சேராமல், பக்கத்தில் வந்து லேசாக ஒட்டி, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு விலகிப் போகிறவையும் உண்டு. பீனால் என்கிற பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஓரத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஒரு ஜோடியாக அதிர்ந்துகொண்டிருக்கும். வேறொரு மூலக்கூறு வந்து அந்த ஹைட்ரஜனைத் தொட்டால் அதிர்வு கொஞ்சம் தளரும். கதிரைச் செலுத்திக் கருவியில் கோடு வரைந்தால், எந்த இடத்தில் கதிர் விழுங்கப்படுகிறதோ அந்த இடத்தில் கோடு பள்ளமாக இறங்கும். யாரும் தொடாத பீனாலுக்கு, கருவிக் காகிதத்தில் அச்சிட்ட எண்களில் மூவாயிரத்து அறுநூறை ஒட்டி ஒரு பள்ளம். தொடப்பட்டதற்கு அதைவிடக் குறைந்த எண்ணில் வேறு பள்ளம். பள்ளம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, தொட்ட தொடுகை அவ்வளவு அழுத்தம். பீனாலை டொலுவீன் தொடுகிற தொடுகை மிக லேசானது. அதைத்தான் அளக்க நினைத்தோம்.

அந்தக் கருவி எங்கள் கல்லூரியில் கிடையாது. நகரத்துக்கு வெளியே ஓர் ஆய்வகத்தில் இருந்தது. அதன் தலைவரை மூன்று முறை போய்ப் பார்த்துச் சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை எங்களுக்கு என்று வாங்கினேன். கருவிக்குப் பொறுப்பாக இருந்தவர் முதல் நாளே, “டீச்சரே, இது குட்டிகள்க்கு களிக்கான் உள்ள சாதனம் அல்ல கேட்டோ” என்றார். பிள்ளைகள் விளையாடுகிற சாமான் இல்லை இது என்று அர்த்தம். மலையாளம் தெரியாதவருக்கும் அவர் முகத்தைப் பார்த்தாலே புரிந்திருக்கும்.

மூன்று பெண்கள் வந்தார்கள். ஒருத்தி மலையாளி. ஓணம் விடுமுறைக்குப் போனவள், “பள்ளத்தை எண்ணிக்கிட்டு எத்தனை சனிக்கிழமை போகும் டீச்சர்?” என்று கேட்டுவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டாள். நியாயமான கேள்விதான். மிச்சம் இரண்டு பேர். ஒருத்தி ஸ்ரீவராகத்தில் இருந்து வருபவள், எங்களைப் போன்ற குடும்பம், அவளுடைய அத்தை எங்கள் தெருவில்தான் இருந்தாள். இன்னொருத்தி சாலை என்று பெயர் கொண்ட கடைத்தெருவுக்குப் பின்னால் குடியிருந்தவள். அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து வந்து ஒரு மொத்த அரிசிக் கடையில் மூட்டை சுமக்கிறவர்.

சாலைப் பெண்ணின் கையைப் போல ஒரு கையை நான் பார்த்ததில்லை. இடைவெளியில் திரவத்தை நிரப்புவது எரிச்சலூட்டும் வேலை. சிரிஞ்சை வைத்துக் கீழிருந்து மெல்ல ஏற்ற வேண்டும். துளி காற்றுக்குமிழி நுழைந்தாலும் கோடு கிறுக்கலாகிவிடும். எனக்கே பத்துக்கு நாலு தடவைதான் ஒழுங்காக வரும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுத்தில் ஏற்றிவிடுவாள். சிரிஞ்சைத் திருப்பி வைத்துவிட்டு மூச்சை விடுவாள். அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை ஆய்வகத் தலைவர் வந்து கதவருகில் நின்று இதைப் பார்த்தார். போகும்போது என்னிடம், வருகிற கோடை விடுமுறையில் இரண்டு மாதம் இங்கே வேலை பழக உங்கள் பெண்களில் ஒருத்தியை எடுத்துக்கொள்கிறேன், நன்றாகச் செல் நிரப்பத் தெரிந்தவளாக இருக்கட்டும் என்றார். திரவம் நிரப்பும் அந்த உப்புப் பலகை ஜோடிக்குச் செல் என்று பெயர்.

திரும்பி வரும் பஸ்ஸில் சாலைப் பெண் என் பக்கத்து இருக்கைக்கு வந்தாள். “டீச்சர், அந்த ரெண்டு மாசம் எனக்குக் கெடச்சுட்டா எம்.எஸ்.ஸி. அப்ளிகேஷன்ல எழுதலாம்லா? அப்பா டிகிரி போதும்னு சொல்லுதாங்க. பெரிய ஆபீஸ்லேருந்து என் பேர் போட்டு ஒரு லெட்டர் வந்துட்டுன்னு வைங்க, அவங்களால ஒண்ணும் சொல்ல முடியாது.”

“உனக்கு இல்லாம வேற யாருக்கு?” என்றேன். எவ்வளவு சுலபமாக வாய் சொல்லிவிட்டது!

ஐப்பசியில், துலா மாத மழையோடு மூன்றாவது பள்ளம் வந்தது. யாரும் தொடாத பீனாலுக்கு ஒன்று, டொலுவீன் தொட்ட பீனாலுக்கு ஒன்று, ஆக இரண்டு பள்ளம்தான் இருக்க வேண்டும். மூவாயிரத்து நானூற்று எழுபது பக்கம் மூன்றாவதாக ஒன்று சிறியதாக இறங்கியிருந்தது. புத்தகங்களைத் தேடினேன், அங்கே அப்படி எதுவும் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு டொலுவீன்கள் சேர்ந்து ஒரு பீனாலைப் பிடிக்கின்றன, யாரும் காணாததை என் பெண்கள் கண்டுவிட்டார்கள் என்று நானே முடிவு கட்டி, பாதிக் கட்டுரையும் எழுதிவிட்டேன். துறைத் தலைவியிடம் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. அதில் எனக்குத் தலைக்கனம் இன்னும் ஏறிவிட்டது.

பிறகு ஆரம்பித்தது சனி. டொலுவீனை அதிகம் சேர்த்தால் மூன்றாவது பள்ளம் ஆழமாக வேண்டும். ஆகவில்லை. டொலுவீனே சேர்க்காத பீனாலிலும் ஒரு நாள் வந்தது. ஒரு வாரம் நன்றாக இறங்கும், அடுத்த வாரம் இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும். பீனாலை மறுபடி சுத்தம் செய்தேன். டொலுவீனை மாற்றினேன். பலகைகளைப் புதிதாக மெருகேற்றினேன். இரண்டு மாதம் முழுக்க நாங்கள் செய்தது இதுதான். போகும் பஸ்ஸில் நம்பிக்கை, வரும் பஸ்ஸில் தலைவலி.

இதற்கு நடுவே கல்லூரி ஸ்டோர்ஸ் வேறு. எங்கள் கரைப்பான் கார்பன் டெட்ராகுளோரைடு. அதில்தான் பீனாலைக் கரைப்போம். ஈரம் துளிகூட இருக்கக் கூடாது என்பதால் வெள்ளிக்கிழமை மதியம் நானே அதைக் காய்ச்சி வடித்து, அரைத்துப் பொருத்திய கண்ணாடி மூடி போட்ட பாட்டிலில் ஊற்றி வைப்பேன். அந்த மூடிகள் ஒரே இரவில் இறுகிப்போகும். திருகினால் கழுத்தோடு உடைந்து வரும். அதற்குப் பூச ஒரு பசை உண்டு. அது தீர்ந்துவிட்டது என்று மூன்று கடிதம் எழுதினேன். முதல் கடிதத்துக்கே இன்னும் மேலிடத்து ஒப்புதல் வரவில்லை, மூன்றாவதை எப்படிப் பார்ப்பது என்றார் குமாஸ்தா. நான் வழக்கம்போலக் கைவசம் இருந்ததை வைத்துச் சமாளித்தேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வந்த முதல் சனிக்கிழமை எனக்குப் பொறுமை போயிற்று. வழக்கமாகப் பார்க்காத இடத்தில், ஆயிரத்து எழுநூறு பக்கத்தில் ஒரு கோடு வரையச் சொன்னேன். அதுவும் ஒப்பிட்டுக் கழிப்பதற்காக வழக்கமாக எதிர்ப்பக்கம் வைக்கிற, வெறும் கரைப்பான் நிரப்பிய செல்லை எடுத்துவிட்டு. கோடு கூர்மையாக இறங்கியது. அந்தப் பள்ளம் எதனுடையது என்று வேதியியல் படித்த எவருக்கும் தெரியும். எண்ணெய். நெய், எண்ணெய், கொழுப்பு, எல்லாமே அங்கேதான் இறங்கும். எங்கள் புதிய கண்டுபிடிப்பு, பீனாலைத் தொட்ட எண்ணெய்.

இரண்டு மாத எரிச்சலும் ஒன்றாகப் பொங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். சாலைப் பெண் பக்கத்தில் நின்றாள். நீளப் பின்னல், நெற்றியோரம் எண்ணெய் மினுமினுத்தது.

“இங்க பாரு, இது எண்ணெயாக்கும். உன் தலையில வழியறது பாரு. பின்னலைத் தடவிண்டு அதே கையால செல்லை எடுத்தா எப்படி இருக்கும்?”

“இல்ல டீச்சர், நான் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான்...”

“கழுவினா போயிடுமா? இனிமே நீ எதையும் தொட வேண்டாம், கேட்டியா? அந்த ஸ்டூலை எடுத்துண்டு கொஞ்சம் தள்ளியே உக்காந்துக்கோ. நோட்டு எழுதினா போரும்.” ஸ்ரீவராகத்துப் பெண்ணிடம் திரும்பி, “செல்லை நீ எடுத்துக்கோ” என்றேன்.

கருவிக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். சாலைப் பெண் ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்க் கதவருகில் போட்டு உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் கொஞ்சம் இறங்கி வந்திருப்பேனோ என்னவோ. நோட்டைப் பிரித்துத் தேதி போட்டாள்.

ஸ்ரீவராகத்துப் பெண் நல்லவள். ஆனால் அவளுக்கு இந்த வேலை வரவில்லை. குமிழி மேல் குமிழி. ஒரு சிரிஞ்சு ஊசியை வளைத்தாள். அடுத்த வாரம், “டீச்சர், அவளே நிரப்பட்டுமே. நேக்குக் கை நடுங்கறது” என்றாள். “பழகிக்கோ” என்றேன். நாலு மணி நேரத்தில் முன்பு பன்னிரண்டு கோடு வரைந்த நாங்கள் ஐந்து வரைந்தோம். அதிலும் மூன்றாவது பள்ளம் இருந்தது.

எண்ணெய் போகவில்லை என்றால் என்ன நினைத்திருக்க வேண்டும்? காரணம் வேறு எங்கோ இருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். எந்த முதலாண்டு மாணவியும் அதைச் சொல்லுவாள். நான் நினைத்தது வேறு: இவள் எப்படியோ தொட்டுவிடுகிறாள். மூன்றாவது வாரம் பள்ளம் என்றைக்கும் இல்லாத ஆழத்துக்கு இறங்கியது. எழுந்து அவளிடம் போனேன்.

“கரைசல் குடுவையை எடுத்தியா?”

“எடுக்கலை டீச்சர்.”

“பின்ன இது எங்கேர்ந்து வந்தது? ஆகாசத்துலேர்ந்தா?”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். குனிந்து பள்ளத்தின் ஆழத்தை அளவுகோலால் அளந்து எழுதினாள். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு மணி அடித்ததும் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டு நோட்டை மூடினேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் போடுகிற கையெழுத்து.

ஐந்தாவது வாரம் ஆய்வகத் தலைவர் மறுபடி வந்தார். கோடைக்கான பட்டியல் தயாராகிறது, யார் செல் நிரப்புகிறார்கள் என்று கேட்டார். ஸ்ரீவராகத்துப் பெண் சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “இவள்தான்” என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அவள் பெயரைக் கேட்டுச் சட்டைப் பையில் இருந்த சின்னப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். கதவருகில் ஸ்டூலில் இருந்தவளைத் தாண்டித்தான் வெளியே போனார். அவள் எழுந்து நின்று வழிவிட்டாள்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை மதியம், கல்லூரித் தயாரிப்பு அறையில் கரைப்பான் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் துளித்துளியாக வடிய, நான் மேஜையில் நோட்டை விரித்து வைத்து, எல்லா வாரத்து அளவுகளையும் ஒரே அட்டவணையாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதவும் மனசில்லை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உப்பு ஜன்னலை ஆய்வகத்திடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான் பக்கங்களைப் புரட்டினேன்.

ஜனவரியில் இருந்து அவள் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டிருந்தாள். தேதி, வெப்பநிலை, மழை உண்டா, பீனால் எவ்வளவு, டொலுவீன் எவ்வளவு, மூன்றாவது பள்ளத்தின் ஆழம் எவ்வளவு. அதற்கப்பால் ஓரத்தில் குறுகலாக இன்னொரு கட்டம். அதன் தலைப்பு ஆங்கிலத்தில், பொடி எழுத்தில்: என் தலையில் எண்ணெய். முதல் சனிக்கிழமைக்கு நேரே ‘உண்டு’. இரண்டாவதுக்கு ‘இல்லை’. மூன்றாவதுக்கு ‘இல்லை’. நாலாவதுக்கு ‘இல்லை’. ஐந்தாவதுக்கும் ‘இல்லை’. பக்கத்துக் கட்டத்தில் பள்ளம் தன் பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது வாரத்து ஆழம் எல்லாவற்றையும்விட அதிகம். அதற்கு நேரே ‘இல்லை’.

நான் சொல்லித்தந்த எதையும்விடச் சுத்தமான பரிசோதனை அது. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை மாற்றாதே, என்ன நடக்கிறதென்று எழுது. அவள் தன் தலையையே வைத்து அதைச் செய்திருந்தாள். நாலு வாரமாக அவள் முடி வறண்டு காதோரம் பறந்ததை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தும் என் மண்டையில் ஏறவில்லை. அந்தந்தப் பக்கத்தின் அடியில் என் கையெழுத்து வேறு கோணல்மாணலாக நின்றது. படிக்காமல் போட்ட கையெழுத்து.

வடிந்து முடிந்தது. எழுந்து கரைப்பானைப் பாட்டிலில் ஊற்றினேன். இடது கை தானாக என் கைப்பைக்குப் போயிற்று. அதில் சின்ன ஹோமியோபதிக் குப்பியில் தேங்காய் எண்ணெய் எப்போதும் இருக்கும். கார்பன் டெட்ராகுளோரைடு கையில் பட்டுப் பட்டுத் தோல் வெடிக்கும்; அதற்காக வைத்திருந்தது. எங்கள் வீட்டில் பூட்டு இறுகினாலும் தேங்காய் எண்ணெய், கதவு கிறீச்சிட்டாலும் தேங்காய் எண்ணெய், டப்பா மூடி திறக்காவிட்டாலும் தேங்காய் எண்ணெய்தான். பசை தீர்ந்த நாளில் இருந்து பாட்டில் மூடியிலும் அதையே விட்டுத் தேய்த்துவந்தேன். இரண்டு சொட்டு. நன்றாக இறுகிய வாரம் நாலு சொட்டு. கார்பன் டெட்ராகுளோரைடைப் போல எண்ணெயைக் கரைக்கிற திரவம் கிடையாது. அதையும் நானே ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் சொல்லுகிறேன்.

குப்பியைத் திறந்து விரலில் சாய்க்கப் போனவள் அப்படியே நின்றேன். குப்பியை மூடிக் கைப்பைக்குள்ளேயே போட்டேன்.

ஒரே பாட்டிலில் இருந்துதான் பீனால் கரைசலும் செய்தோம், எதிர்ப்பக்கத்து வெறும் செல்லையும் நிரப்பினோம். இரண்டு பக்கமும் ஒரே அழுக்கு இருந்தால் கருவி அதைக் கழித்துவிடும். பீனாலைத் தொட்ட எண்ணெய் மட்டும்தான் வெளியே தெரியும். அதனால்தான் அத்தனை வாரமும் கரைப்பான் சுத்தமாகவே தெரிந்தது. அப்படித் தெரியாவிட்டாலும் நான் கரைப்பானைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன். என் கையால் வடித்ததாயிற்றே!

மூடியைச் சோப்பும் ஸ்பிரிட்டும் போட்டு மூன்று முறை கழுவி, மறுபடி முதலில் இருந்து காய்ச்சி வடித்தேன். மூடியை வெறுமனே போட்டேன். இறுகட்டும், உடையட்டும் என்று இருந்தது.

மறுநாள் ஆய்வகத்தில் சாலைப் பெண் நேராகக் கதவருகே ஸ்டூலுக்குப் போனாள். “இங்க வா. இன்னிக்கு நீ நிரப்பு” என்றேன்.

அவள் எழுந்து வந்து மேஜைக்கு ஓரடி தள்ளி நின்றாள். “நான் தொடலாமா டீச்சர்?”

“தொடு.”

போய்க் கை கழுவினாள். துடைத்தாள். மறுபடி போய்க் கழுவினாள். ஸ்ரீவராகத்துப் பெண் சிரிஞ்சை அவளிடம் கொடுத்தபோது அவளுக்கே நிம்மதி. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுத்தில் ஏற்றினாள், ஒரு குமிழி இல்லை. பேனா காகிதத்தின் மேல் நகர்ந்தது. முதல் பள்ளம் இறங்கியது. அதன் தோளில் இரண்டாவது. அதற்கப்புறம் கோடு சமமாகப் போய்க்கொண்டே இருந்தது.

“மூணாமத்தெ எவிடெ போயி டீச்சரே?” என்று மூன்றாவது பள்ளத்தைத் தேடினார் கருவிக்காரர்.

சொன்னேன். அவர் இருக்கும்போதே, இரண்டு பெண்களும் கேட்க, என் கைப்பையில் இருந்து குப்பியை எடுத்து மேஜையில் வைத்துச் சொன்னேன். எண்ணெய் என்னுடையது, இவள் மேல் பழி போட்டது என் தப்பு, நாலு வாரமாக இவள் எழுதி வைத்திருந்ததை நான் படிக்கவில்லை என்று மூன்றையும் சொன்னேன். கருவிக்காரர் சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சாலைப் பெண் செல்லைக் காலி செய்து, துடைத்து, டப்பாவில் வைத்தாள்.

நேரே தலைவரின் அறைக்குப் போனேன். நோட்டைத் திறந்து காட்டினேன். அவர் அந்தக் குறுகலான கட்டத்தை வெகுநேரம் பார்த்தார். நல்ல பெண் என்றார். ஆனால் கடிதங்கள் புதன்கிழமையே கையெழுத்தாகிப் போய்விட்டன, ஓர் இடம்தான், அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும், இப்போது அவளிடம் இருந்து எப்படிப் பிடுங்குவது என்று கேட்டார். ஸ்ரீவராகத்துப் பெண்ணின் மேல் ஒரு தப்பும் இல்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருஷம் இவள் கல்லூரியிலேயே இருக்க மாட்டாள். அதைச் சொன்னேன். அவர் கையை விரித்தார்.

ஒரு மணிக்கு வெளியே வந்தோம். ஸ்ரீவராகத்துப் பெண்ணை அவள் அண்ணன் ஸ்கூட்டரில் அழைத்துப் போனான். பஸ் நிறுத்தத்தில் நாங்கள் இருவர் மட்டும், மாசி வெயிலில். தலைவர் சொன்னதை அவளிடம் சொன்னேன். எனக்குத் தெரிந்த எம்.எஸ்.ஸி. இடங்களுக்கெல்லாம் நானே கடிதம் எழுதித் தருகிறேன், உன் அப்பாவிடம் நானே வந்து பேசுகிறேன் என்றேன். வார்த்தைகள் வேகமாக வந்தன. ஆனால் ஒரு சாதாரண விரிவுரையாளரின் கடிதத்துக்கு மதிப்பு எவ்வளவு என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“வேண்டாம் டீச்சர். அப்பாட்ட நானே சொல்லுதேன்.”

“ஏன் என்கிட்ட வாயைத் திறந்து சொல்லலை? நாலு வாரம் எண்ணெய் வெக்காம வந்திருக்கே!” என்றேன். என் குரலில் அப்போதும் கோபம்தான் இருந்தது. எனக்கு வேறு எப்படியும் வருத்தப்படத் தெரியவில்லை.

“எழுதித்தானே வெச்சேன் டீச்சர். நீங்க பக்கத்துக்கு அடியில ஒப்பு போட்டீங்கல்லா, படிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. அவள் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“ஒண்ணு கேக்கட்டா டீச்சர்?”

“கேளு.”

“அன்னைக்கு அவ தலையிலயும்தான எண்ணெய் இருந்துது. என்னைய மட்டும் ஏன் தள்ளி உக்காரச் சொன்னீங்க?”

இருந்தது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுச் சனிக்கிழமை வருபவள் அவள். அவள் மட்டுமா, நானும்தான். அந்த அறையில் மூன்று தலையிலும் எண்ணெய் இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது என் கண் எந்தத் தலையில் போய் நின்றது, ஏன் அங்கே நின்றது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். யாரைத் தொட வேண்டாம் என்று சொல்லலாம், யாரைத் தள்ளி உட்காரச் சொல்லலாம் என்பதைக் கரமனையில் எங்கள் தெருவில் பிறந்தவளுக்கு யாரும் தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. வேதியியல் பேசுவதாக நினைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுப் பின்கட்டில் தினமும் காதில் விழுந்த வாக்கியத்தை அப்படியே அவளிடம் சொல்லியிருக்கிறேன். காலையில் அத்தனை பேர் முன்னால் குப்பியை எடுத்து வைத்தவளுக்கு, ஒரே ஒருத்தி முன்னால் இதை எடுத்து வைக்க வாய் வரவில்லை.

“தெரியலை” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். “சரி டீச்சர்” என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறி, முன்னால் காலியாக இருந்த இருக்கையில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் இடம் இருந்தது. நான் பின்னால் போய் நின்றுகொண்டேன்.